கைடு சொல்லாத ஷைலக்

சில வருஷங்களுக்கு முன்பு, மகள் பத்தாவது படித்தபோது ஒரு ராத்திரி கேட்டாள். "அம்மா, ஷைலக் வில்லன்தானே? ஆனா எனக்கு ஏன் அவரைப் பார்த்தா பாவமா இருக்கு?"

ஐ.சி.எஸ்.இ. பாடத்தில் அப்போது ஷேக்ஸ்பியரின் 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' இருந்தது. கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நண்பனுக்காக வியாபாரி அன்டோனியோ, யூதரான ஷைலக்கிடம் 3,000 டக்கட் கடன் வாங்குகிறார். வட்டி கிடையாது. மூன்று மாதத்தில் திருப்பித் தராவிட்டால் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை! கடைசியில் வக்கீல் வேஷத்தில் வரும் போர்ஷியா, பத்திரத்தில் சதைதான் இருக்கிறது, ரத்தம் இல்லை என்று மடக்கிவிடுகிறாள்.

கைடைப் புரட்டினேன். பேராசைக்காரன், கல்நெஞ்சன், பழிவாங்குபவன் என்று ஐந்து வரி. அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"அதை மூடிட்டு நாடகத்தை எடு" என்றேன். சாப்பாட்டு மேஜையில் அவள் ஷைலக், நான் அன்டோனியோ. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுநடுவே தமிழில் சொன்னேன். இதே நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார் என்றதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் அங்கத்திலேயே ஷைலக் சொல்கிறார், அன்டோனியோ தன்மீது துப்பியதையும் நாய் என்று திட்டியதையும். அன்டோனியோ மறுக்கவில்லை. இனியும் அப்படித்தான் செய்வேன் என்கிறார்.

"துப்பினவன்கிட்டயே கடன் கேட்டு நிக்கிறானா? நல்ல கூத்து!" என்றார் அத்தை.

வெனிஸில் 1516-ல் யூதர்களைத் தனிக் குடியிருப்பில் ஒதுக்கி, ராத்திரியில் கதவைப் பூட்டினார்கள். பல தொழில்களுக்கு அனுமதி இல்லை. அனுமதித்த சிலவற்றில் ஒன்று, கடன் கொடுப்பது. இதைச் சொன்னதும் மகள் கேட்டாள். "வேற வேலை செய்ய விடாம, வட்டி வாங்குறான்னு திட்டினாங்களா?"

அதற்காகக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பது நியாயமாகிவிடாது. ஆனால், கருணை காட்டு என்று அவரிடம் கேட்டவர்கள், அவர் தோற்றதும் என்ன செய்தார்கள்? சொத்தில் கை வைத்தார்கள். மதம் மாறச் சொன்னார்கள்.

"நான் நினைக்கிறதை எழுதினா மார்க் போயிடுமேம்மா?"

"எந்தக் காட்சியில இருக்குன்னு காட்டி எழுது."

எழுதினாள். கிளாஸ் டெஸ்ட்டில் பத்துக்கு ஆறு. 'நோட்ஸில் உள்ளபடி எழுதவும்' என்று ஓரத்தில் குறிப்பு. அழுதாள். கைடையே படிக்கச் சொல்லியிருக்கலாமோ என்று எனக்கும் உறுத்தியது. மறுநாள் அவளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய் அந்தக் காட்சியைக் காட்டியிருக்கிறாள். மார்க் மாறவில்லை. ஆனால், அந்தப் பக்கத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னாராம் டீச்சர். அன்று அவள் வீடு திரும்பிய முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். வீட்டில் யாரையாவது 'அவன் மோசமானவன்' என்று நாங்கள் பேசினால், "முதல் அங்கம் படிச்சீங்களா?" என்று கேட்பாள்.

உங்கள் பிள்ளையின் பையில் ஒரு நாவலோ நாடகமோ இருக்கிறதா? இன்று ராத்திரி நாலு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைடு எங்கேயும் ஓடிவிடாது!