சைகோனில் பாயும் பந்தியும்

பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வரும் கோடையில் குடும்பத்துடன் வியட்நாம் தேசம் சென்று, தெற்கே சைகோன் முதல் வடக்கே ஹனாய் வரையில் ஊர் ஊராகப் போய்வர உத்தேசமாம். "வழியில் கௌரவமான ஜாகை கிடைக்குமா? வீட்டுப் பெரியவர்கள் மாமிசம் தொடாதவர்கள். அந்நாட்டு ஆகாரத்தில் அவர்களுக்கு ஒத்துக்கொள்வது ஏதேனும் உண்டா? அல்லது ஊறுகாயும் பருப்புப் பொடியும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போகவேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேறு ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருந்தால் நேரே விடை சொல்லி முடித்திருப்போம். பொன்னமராவதியிலிருந்து வந்தபடியால் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வூரைச் சுற்றியுள்ள மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி முதலியன நகரத்தார் வாழும் ஊர்கள். சைகோன் என்னும் பெயர் அப்பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் புதிதன்று. 1862-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் சைகோனும் அதைச் சூழ்ந்த மாகாணங்களும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. அதன் பின்னர் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே கப்பலேறிச் சென்று கடை வைத்தனர். மேகோங் நதியின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்தவர்களுக்கு அவர்கள் பணம் கடன் கொடுத்தார்கள். பர்மாவில் ஐராவதி நதிக்கரையில் நடந்த தொழிலே இங்கும் நடந்தது.

அந்த நாளில் அவர்களுக்கு ஜாகைக் கவலை இருந்ததில்லை. வெளியூரில் தங்குமிடம் தேடித் திண்டாடுவது நகரத்தாரின் வழக்கமன்று. போகுமிடத்தில் முதலில் விடுதியை அமைத்துவிட்டுப் பிறகே அவர்கள் காரியத்தைத் தொடங்குவார்கள். காசியில் அவர்களுடைய சத்திரம் 1813-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. கடல் கடந்த நகரங்களிலோ கிட்டங்கி என்னும் ஏற்பாடு இருந்தது. நீண்ட கூடம் ஒன்று. அதில் வரிசையாகப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு கணக்கு மேசை, விரித்த பாய். பகலில் எந்தப் பாயில் அமர்ந்து கணக்கெழுதினார்களோ, இரவில் அதே இடத்தில் படுத்துறங்குவார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள். அவர்களுடன் ஊரிலிருந்தே ஒரு சமையலாள். மனைவி மக்களை ஊரில் விட்டு, மூன்று ஆண்டுத் தவணைக்கு ஒருவன் கொண்டுவிக்கப் போவான். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவான். சைகோனில் இன்று தோன் தாட் தியெப் என்று வழங்கும் வீதியில் அவர்களுடைய தண்டாயுதபாணி கோயில் இன்றும் நிற்கிறது. பிழைக்கப் போன இடத்தில் பாய்க்கு அருகிலேயே முருகனையும் குடிவைத்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் மேன்மையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். பாஷை தெரியாத நாட்டில், பதினாறு வயதுப் பையன் கப்பலைவிட்டு இறங்கிய அன்றே அவனுக்குப் படுக்க இடமும், வாய்க்குப் பழகிய சோறும், தவறினால் கண்டிக்கப் பெரியவர்களும் கிடைத்தனர். ஆயினும் அதே ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. கிட்டங்கிக்குள்ளேயே எல்லாம் கிடைத்தபடியால் வெளியே சென்று எதையும் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே பலருக்கு நேரவில்லை. அந்நாட்டுக் குடியானவனை அவர்கள் கடன் பத்திரத்தின் மூலமாக அறிந்தார்கள். அவன் வீட்டுப் பந்தியில் அமர்ந்து அறியவில்லை. பர்மாவிலிருந்து கவுனி அரிசி செட்டிநாட்டு விருந்துக்கு வந்து சேர்ந்தது என்பர். சைகோன் அடுப்பின் மணம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.

1930-ஐ ஒட்டி உலகமெங்கும் வியாபார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது, கடன்பட்டவர்களால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை, நிலங்கள் கைமாறின. பரஸ்பரம் மனத்தாங்கல் வளர்ந்தது. பிறகு ஜப்பானியர் வந்தனர். பிரெஞ்சுக்காரரோடு நீண்ட யுத்தம் நடந்தது. அதன் பின்னர் அமெரிக்கரோடு யுத்தம். 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது பழைய கடைகளின் காலம் அடியோடு முடிந்தது. அந்நிய ஆட்சியின் குடைநிழலில் சம்பாதித்த செல்வம் அக்குடை மடங்கியபோது வெயிலில் நின்றது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதே சைகோனுக்கு வேறொரு வகைத் தமிழரும் போனார்கள். அவர்கள் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள். 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்கள் ஜாதி வழக்குரிமைகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களில் பலர் சைகோனில் சுங்கம், போலீஸ், கலங்கரை விளக்கம் ஆகிய இலாகாக்களில் சிறு உத்தியோகங்கள் பெற்றனர். பிற்பாடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர்களும் உண்டு. இவர்களிடம் பெட்டகமும் இல்லை. ஊரிலிருந்து அழைத்துச் சென்ற சமையலாளும் இல்லை. சிலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். 1954-ஐ ஒட்டிப் பிரெஞ்சு ஆட்சி இரண்டு இடங்களிலும் முடிவுற்றபோது அவர்களில் பலர் மனைவி மக்களோடு புதுச்சேரி வந்து சேர்ந்தனர். அரிசித் தாளில் காய்கறியோ மாமிசமோ வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம் ஒன்று அவர்களோடு வந்தது. தென் வியட்நாமில் அதற்கு 'சா யோ' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் 'நெம்' என்பர். புதுச்சேரியில் சில குடும்பங்களில் இன்றும் பண்டிகைக்கு அது தவறாது. கிறிஸ்துமஸ் நாளில் பொரித்துத் தட்டில் வைத்து அண்டை வீட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

லட்சக்கணக்கில் கொண்டுவந்தவர்களின் வீட்டில் மாளிகை எழுந்தது. ஒன்றும் கொண்டுவராதவர்களின் வீட்டில் ஒரு பலகாரம் நிலைத்தது. ஒரு தேசத்தை அறிந்தவர் யார் என்று எவரேனும் கேட்டால், அந்தப் பலகாரத்தின் பக்கமே நாம் சாய்வோம்.

இனி நேயரின் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஜாகை. வியட்நாமில் எந்த நடுத்தர ஊரிலும் 'ஞா ஙி' என்று பெயர்ப்பலகை போட்ட சிறு விடுதிகள் இருக்கும். 'ஓய்வு வீடு' என்பது அதன் பொருள். ஆங்கிலம் படித்தவர்கள் இச்சொல்லை உச்சரிக்கத் தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் அரிச்சுவடியில் பெரும்பாலும் சொல்லின் முதலில் வேலையின்றி நிற்கும் ஙகரத்துக்கு அந்நாட்டில் ஓயாத வேலை. குடும்பத்தோடு போகிறவர்கள் அறையை நேரில் பார்த்து, வெந்நீரும் காற்றோட்டமும் உண்டா என்று விசாரித்து, வாடகையைப் பேசி முடித்த பின்னரே மூட்டையை இறக்குவது நல்லது. அயல்நாட்டார் தங்கினால் விடுதிக்காரர் போலீசாருக்கு விவரம் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே பாஸ்போர்ட்டைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். குறிப்பெடுத்த பின் மறவாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

ஊர் விட்டு ஊர் போவதற்கு ரயிலே சிலாக்கியம். ஹனாய்க்கும் சைகோனுக்கும் இடையே 1,726 கிலோமீட்டர். இப்பாதை 1936-இல் முழுமை பெற்றது, யுத்தத்தில் துண்டுபட்டது, தேசம் ஒன்றான பின் 1976-இன் முடிவில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சைகோன் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றம் பெற்றதும் அதே ஆண்டில்தான். ஆயினும் பழைய பெயரை ஜனங்கள் விடவில்லை. ரயில் நிலையத்திலும் சைகோன் என்றே காணலாம். நான்கு பேர் படுக்கும் அறையை எடுத்துக்கொண்டால் ஓர் இரவு ஜாகைச் செலவும் மிச்சம். பாதி வழியில் ஹுவே நகரில் இறங்கிவிடவேண்டும். 1802 முதல் 1945 வரை அரசர்கள் இருந்து ஆண்ட தலைநகரம் அது. அங்கிருந்து தெற்கே சென்றால் மீ சோன் என்னுமிடத்தில் சம்பா நாட்டரசர் எழுப்பிய சிவாலயங்களின் இடிபாடுகளைக் காணலாம்.

அடுத்து ஆகாரம். சைவ உணவுக்காரர் மனனம் செய்ய வேண்டிய சொல் ஒன்றே: 'சாய்'. புலால் நீக்கிய உணவு என்று பொருள். 'தோய் ஆன் சாய்' என்றால் 'நான் சைவ உணவு உண்பவன்' என்றாகிறது. 'கொம் சாய்' என்று எழுதிய கடையில் சோறும், காய்கறியும், சோயாப் பயற்றிலிருந்து செய்யும் பாலேடு போன்ற கட்டியும் கிடைக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அந்நாட்டுப் பௌத்தர்களில் பலர் மாமிசம் நீக்கி விரதம் இருக்கிறார்கள். அந்நாட்களில் சாதாரணக் கடைகளிலும் சைவப் பண்டங்கள் மிகுதியாகக் கிடைக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பிரயாணத் தேதியை வகுத்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம். ஹுவே நகரம் இவ்வகைச் சமையலுக்குப் பெயர் போனது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். 'நூக் மாம்' என்பது சிறு மீனை உப்பிட்டுப் பலமாதம் ஊறவைத்து வடித்த சாறு. நமக்குப் புளி எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது. காய்கறி மட்டும் தெரிகிறதென்று நம்பிவிடக் கூடாது. 'சாய்' என்று சொல்லிக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். 'ஃபோ' என்னும் புகழ்பெற்ற சூப்பும் எலும்பு ரசத்தில் ஆவது. சைவக் கடைகளில் அதைக் காளான், காய்கறி ரசத்தில் செய்து தருகிறார்கள்.

மற்றபடி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்நாட்டு உணவு அந்நியமாகத் தோன்றாது. எல்லாம் அரிசி மயம். 'புன்' என்னும் வெள்ளை நூல் நம் இடியாப்பத்தின் உடன்பிறப்பு. அரிசி மாவில் மஞ்சள் சேர்த்து மெல்லியதாக வார்க்கும் 'பான் ஸெயோ' கல்லில் விழும்போது தோசையின் ஓசையே கேட்கும். தேங்காய்ப் பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துக் குழம்பொன்று வைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'கா ரி'. நம்முடைய கறி என்னும் சொல்லே அங்கே போய் அவ்வாறு வழங்குகிறது. அதைத் தொட்டுக்கொள்ளப் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ரொட்டி. ஒரு தட்டில் மூன்று தேசத்துச் சரித்திரம்! இதற்கும் சைவப் பாகம் உண்டு.

ஆகவே ஊறுகாய் மூட்டை வேண்டாமா என்றால், வயோதிகர்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் சிறிது எடுத்துப் போவதில் தவறில்லை. விரதம் வேறு, அருவருப்பு வேறு. புலால் உண்பதில்லை என்ற விரதத்தை எந்த நாட்டாரும் மதிப்பார்கள். அந்நாட்டிலோ அதற்கென ஒரு சொல்லும், மாதத்துக்கு இரண்டு நாளும், தனிக் கடைகளும் இருக்கின்றன. ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அறைக்குள் அமர்ந்து சொந்த மூட்டையை மட்டும் அவிழ்ப்பதை எவரும் மதியார். அப்படிச் செய்பவன் ஆயிரம் மைல் போயும் தன் வீட்டுக் கூடத்தைத் தாண்டாதவனே.

முன்னோர் சென்ற காலத்தில் நாமும் அடிமை நாட்டார். அவர்களும் அடிமை நாட்டார். நடுவில் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். 1945-இல் அவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். 1947-இல் நாம் விடுதலை பெற்றோம். இன்று அங்கே போகும் தமிழன் கடன் பத்திரத்தோடு போகவில்லை. சமானமான இரு சுதந்திர தேசங்களின் விருந்தாளியாகப் போகிறான். சைகோனில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று அந்நாட்டு மக்களே திரளாக வந்து ஊதுவத்தி ஏற்றி வேண்டுகிறார்கள். நம் அம்மனை அவர்கள் தம்முடையவளாக ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. அவர்களுடைய சோற்றை நாம் ஏற்றுக்கொள்வதுதான் பாக்கி.

செட்டிநாட்டின் பழைய மாளிகைகளில் சில இப்போது பிரயாணிகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. என்றேனும் ஒரு சைகோன் குடும்பம் அங்கே வந்து இறங்கக்கூடும். அவர்கள் தங்கள் நூக் மாம் குப்பியை நம்பாமல் நம்முடைய பந்தியில் வந்து அமரவேண்டுமென்று நாம் விரும்புவோமல்லவா? அந்த விருப்பத்தை அங்கே போகும்போது நாமே முதலில் நிறைவேற்றிக் காட்டுவோம்.