மலிவு விலை ஸ்மார்ட் போன்: வியாபாரிக்கு இலாபமா, நட்டமா?

எனக்குத் தெரிந்த சில்லறை வியாபாரி ஒருவர் கிண்ணியாவில் இருக்கிறார். பரம்பரையாகக் கடன் கொப்பி வைத்து வியாபாரம் செய்த குடும்பம். மூன்று வருடங்களுக்கு முன்னர் மகனின் பேச்சைக் கேட்டு ஒரு மலிவு விலை ஸ்மார்ட் போன் வாங்கினார். கொப்பியை மூடி வைத்துவிட்டு, யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கையெல்லாம் அதிலேயே எழுதி வந்தார். நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது ஒரு நாள் காலையில் போன் உயிர் பெறவில்லை. பழுது பார்க்கும் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "போர்ட் போய்விட்டது நானா, உள்ளே இருந்த ஒன்றையும் எடுக்க ஏலாது" என்று கையை விரித்துவிட்டார். கடன்காரர்களில் பாதிப் பேர் தாங்களாகவே வந்து கணக்கைச் சொன்னார்கள். மீதிப் பேர் இன்றுவரை கடைப்பக்கம் வரவில்லை.

போனில் மிச்சம் பிடித்த தொகையைப் போல் பல மடங்கு அந்தக் கடன்களோடு போய்விட்டது. இது அவருடைய கதை மட்டுமல்ல. திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் மூதூர், தோப்பூர், புல்மோட்டைக் கடைகளிலும் இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போன் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை மலிவு விலைப் போன்கள். அவற்றின் நன்மை தீமைகளை ஒரு வியாபாரியின் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இந்த வாரம் நமது நோக்கம்.

டோர்ச் போனிலிருந்து கியூஆர் வரை

2003ஆம் ஆண்டு வெளிவந்த நொக்கியா 1100 நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டோர்ச் வெளிச்சமும் பல நாட்கள் நிற்கும் பற்றரியும் கொண்ட அந்தப் போன் வியாபாரிக்கு ஏற்ற போனாக இருந்தது. பேசவும் குறுந்தகவல் அனுப்பவும் அது போதும். அன்று போன் கெட்டால் நம்பர்கள் போகும், வியாபாரம் போகாது.

இன்று நிலைமை அப்படியல்ல. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீனைப் படம் பிடித்துப் பேலியகொடைக்கு அனுப்பி விலை பேசுகிறார்கள். கொழும்பு மொத்த வியாபாரி விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் போடுகிறார். வாடிக்கையாளர் லங்காகியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்துகிறார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, ஸ்மார்ட் போனே வேண்டாம் என்றிருந்தவர்களும் பிள்ளைகளின் போனைக் கடன் வாங்கிப் பதிவு செய்தார்கள். ஆகவே ஸ்மார்ட் போன் வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எந்தப் போன், எவ்வளவு காலத்துக்கு என்பதே இப்போதைய கேள்வி.

விலையையும் யோசிக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டொரு மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்ததோடு, கைத்தொலைபேசிகளும் அந்த வரிக்குள் வந்தன. நடுத்தர விலைப் போன் வாங்கி வந்த வியாபாரியும் மலிவு விலைப் போனுக்கு இறங்கியதன் காரணம் இதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓர் உதாரணம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு போனை எடுத்துப் பார்ப்பது நல்லது. 2024 ஓகஸ்டில் வெளியான செம்சுங் கெலக்ஸி ஏ06 இந்த ரகத்துக்கு ஏற்ற உதாரணம். ரெட்மி முதலான ஏனைய கம்பனிகளின் இதே விலைப் போன்களும் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கின்றன.

நல்லவற்றை முதலில் சொல்வோம். பற்றரி 5000 மில்லி அம்பியர். சுபஹுக்குப் பிறகு சந்தைக்குப் போய் இஷாவுக்குப் பிறகு கடை பூட்டும் ஒருவருக்கு இது பெரும்பாலும் போதும். திரை 6.7 அங்குலம், கண்ணாடி போடாமல் பில் பார்க்க விரும்பும் நம்மைப் போன்ற வயதினருக்கு வசதி. பக்கவாட்டில் விரலடையாளப் பூட்டு உண்டு. மெமரி கார்ட் தனியாகப் போடலாம். 50 மெகாபிக்சல் கமரா பற்றுச்சீட்டையும் சாமான் லேபலையும் தெளிவாகப் படம் பிடிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நான்கு வருடங்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தருவதாகக் கம்பனி அறிவித்தது. வங்கிச் செயலி வைத்திருப்பவருக்கு இது கமராவைவிடப் பெறுமதியானது.

இனிக் குறைகள். திரை பெரிதாக இருந்தாலும் அதன் தெளிவு 720 பிக்சல் அளவிலேயே நிற்கிறது. வெயிலில், வள்ளத்தடியில் நின்று பார்த்தால் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். சேமிப்பகம் இஎம்எம்சி என்ற பழைய வகை. நிரம்ப நிரம்ப வேகம் குறையும். 64 ஜிபியில் போனின் சொந்த மென்பொருளே ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை வட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்கள் ஒரு வருடத்துக்குள் நிரப்பிவிடும். 4 ஜிபி ரெம் உள்ள போனில் வங்கிச் செயலி, வட்ஸ்அப், கணக்குச் செயலி மூன்றையும் மாறி மாறித் திறந்தால் போன் மூச்சு வாங்கும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது இந்தத் தாமதத்தின் அருமை தெரியும்.

உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் உள்ள நமது பிரதேசத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஏ06 போனுக்கு நீர், தூசுப் பாதுகாப்புத் தரம் குறிப்பிடப்படவில்லை. மீன் வியாபாரியும் ஐஸ் வியாபாரியும் நல்ல உறையொன்றின் விலையையும் போனின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஈரக்கைக்கு விரலடையாளப் பூட்டும் சரியாகத் திறக்காது.

மேலே காய்ந்தது, கீழே நனைந்தது

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் அனைவரும் ஜும்ஆவில் பல முறை கேட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று சொன்ன வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம்.

இன்றைய போன் கடைகளில் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. "8 ஜிபி ரெம்" என்று அட்டையில் எழுதியிருக்கும். கேட்டால், உண்மையான ரெம் 4 ஜிபி, மீதி 4 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது என்பார்கள். பின்னால் இரண்டு மூன்று கமராக் கண்கள் இருக்கும். வேலை செய்வது ஒன்று, மற்றவை பெரும்பாலும் அலங்காரம். "நான்கு வருட அப்டேட்" என்பார்கள். அந்த நான்கு வருடம் போன் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். 2024இல் வெளியான போனின் தவணை 2028இல் முடியும். வெளியாகி இரண்டு வருடம் கழித்து வாங்குபவருக்கு மிஞ்சுவது இரண்டு வருடமே.

போன் வியாபாரம் செய்பவர்களில் நமது சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஈரமான தானியத்தை மேலே வையுங்கள். "இது பேசவும் கணக்கு எழுதவும் நல்லது, நிறையச் செயலி போட்டால் தாங்காது" என்று உண்மையைச் சொல்லி விற்றால் அன்றைக்கு ஒரு வியாபாரம் தவறலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை தன் தம்பியையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு உங்களிடமே வருவார்.

வெளிநாட்டிலிருந்து வரும் போன்

கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகள் இல்லாத வீடு நமது பகுதியில் குறைவு. அங்கிருந்து வரும் போன் மலிவு என்பது உண்மை. ஆனால் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் பதியப்படாத புதிய போன்களுக்கு உள்ளூர் வலையமைப்பில் இணைப்புக் கிடைக்காது என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதை மறக்க வேண்டாம். கடையில் வாங்கினாலும், கையில் வாங்கினாலும், *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். IMEI என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுந்தகவல் அனுப்பிப் பதிலைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. கம்பனி உத்தரவாதம் இலங்கைக்குச் செல்லுபடியாகுமா, பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பதையும் அதே இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலைச் சீட்டை மட்டும் பார்த்துப் போன் வாங்குவது வியாபாரிக்கு அழகல்ல. எத்தனை மாதம் உழைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, 40,000 ரூபாப் போன் இரண்டு வருடம் உழைத்தால் மாதச் செலவு ஏறத்தாழ 1,670 ரூபா. 60,000 ரூபாப் போன் நான்கு வருடம் உழைத்தால் மாதச் செலவு 1,250 ரூபா. விலை கூடிய போன் இங்கே மலிவாகிறது. அதேபோல் 40,000 ரூபாப் போனை அடக்கமாகப் பாவித்து நான்கு வருடம் ஓட்டினால் மாதச் செலவு 833 ரூபாதான். ஆகவே எப்படிப் பாவிக்கிறோம் என்பதும் விலையைப் போலவே முக்கியம்.

தவணை முறையிலும் கவனம் தேவை. ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று ஆரம்பத்திலேயே பேசி ஒரே விலையில் முடிப்பது வேறு. ஒரு மாதம் பிந்தினால் வட்டி ஏறுவது வேறு. பத்திரத்தில் கையொப்பம் வைக்கும் முன்னர் பிந்திய கட்டணம் பற்றிய பகுதியை வாசித்து, சந்தேகமிருந்தால் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஒரு போனுக்காக வட்டியின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

எனது கருத்து

மலிவு விலை ஸ்மார்ட் போன் சிறு வியாபாரிக்கு நட்டமல்ல. அதைத் தாங்க முடியாத சுமையோடு ஓட விடுவதே நட்டம். கடையின் போன் கடைக்கு மட்டும் இருக்கட்டும். பேரப்பிள்ளையின் கேமும் மச்சானின் வீடியோவும் அதில் வேண்டாம். 64 ஜிபிக்கும் 128 ஜிபிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைக் கொடுத்து 128 ஜிபியையே எடுங்கள், அது வீண்போகாது. பணம் அனுப்பியதாக யாராவது திரைப்படம் காட்டினால் அதை நம்பாமல், உங்கள் கணக்கில் காசு விழுந்ததா என்று பார்த்துவிட்டுச் சாமானைக் கொடுங்கள். வட்ஸ்அப்புக்கோ வங்கிக்கோ வரும் இரகசிய இலக்கத்தை மகன் கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள். பேசுவது மகன்தானா என்பது யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுத்தும் சாட்சியும் அந்தளவு வலியுறுத்தப்பட்ட மார்க்கத்தில் இருந்துகொண்டு, அடித்தால் உடையும் ஒரு கண்ணாடித் துண்டை மட்டும் நம்பிக் கடன் கொடுப்பது முறையல்ல. தினமும் கடை பூட்டும் முன்னர் அன்றைய கடன்களைக் கொப்பியில் எழுதுங்கள். அல்லது கணக்கு தானாகவே மின்னஞ்சல் கணக்கில் சேமிக்கப்படும் வசதியைப் பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. வருட முடிவில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போதும் வர வேண்டிய கடன் எவ்வளவு என்று தேடி அலைய வேண்டியிராது. நாம் மவுத்தானாலும் வாரிசுகளுக்குக் கொடுக்கல் வாங்கல் விளங்கும்.

அந்தக் கிண்ணியா வியாபாரி இப்போது மறுபடியும் ஒரு மலிவு விலைப் போன்தான் வைத்திருக்கிறார். விலைப்பட்டியலுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் அதைப் பாவிக்கிறார். பக்கத்தில் நீல அட்டைக் கொப்பி ஒன்றும் இருக்கிறது. "போன் வேகமாகக் கணக்குப் பார்க்கும் தம்பி, கொப்பி கணக்கைக் காப்பாற்றும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் பணம் கொடுத்துப் படித்த பாடத்தை நாம் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம்.