சுவரில் தொங்கும் காகிதம்

மீனாட்சியைத் தரிசிக்க மதுரைக்குப் போகிறீர்கள். லாட்ஜில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும் மேஜைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட லைசென்ஸ் ஒன்று தொங்கும். சாமி படத்தைக் கும்பிடுகிறோம். லைசென்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் அதற்குக் கட்டிய பணத்தில் ஒரு துளி உங்கள் அறை வாடகையிலும் சேர்ந்திருக்கிறது!

அந்தத் தொகையை எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள்? விடை தேடினால் உடுப்பியில் கொண்டுபோய் விடுகிறது. ஹோட்டலுக்காக அல்ல, மடத்துக்காக. ஷிரூர் மடத்தின் வருமானத்தில் 5 சதவீதம் வரை 'கட்டணம்' என்று சென்னை அரசாங்கம் கேட்டது. 1954-ல் சுப்ரீம் கோர்ட், இது கட்டணமல்ல, வரி என்று தள்ளிவிட்டது. கட்டணம் என்றால், கொடுப்பவருக்குப் பதிலுக்கு ஒரு சேவை இருக்க வேண்டும் என்பது அன்றைய விளக்கம். பிறகு அது தளர்ந்தது. ஐதராபாத்–செகந்திராபாத் ஹோட்டல்காரர்கள் மாநகராட்சியின் மீது தொடுத்த வழக்கில், 1999-ல் அதே கோர்ட், ஒழுங்குபடுத்துவதற்கான லைசென்ஸ் என்றால் காசுக்குக் காசு கணக்குக் காட்ட வேண்டியதில்லை, தொகை மட்டும் அளவு மீறக் கூடாது என்றது.

'அளவு' என்பது எது? அங்கேதான் வம்பு!

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தலைவலியே இல்லை. 1867-ல் வட இந்தியச் சத்திரங்களுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். சத்திரத்தைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. ஆனால் கடமைகளோ ஏராளம்! கிணற்றைச் சுத்தமாக வைக்க வேண்டும். தொற்றுநோய் கண்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். வாடகைப் பட்டியலை எழுதி மாட்ட வேண்டும். திருடன் ஏறி இறங்க வசதியான மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். (மரக்கிளையைப் பற்றி யோசித்த அந்த மகானுபாவர் நிச்சயம் எங்கேயோ பெட்டியைப் பறிகொடுத்தவராக இருப்பார்.) தவறினால் அபராதம் 20 ரூபாய் வரை.

இப்போது காசும் உண்டு, கடமையும் உண்டு. கடமையைச் சரி பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. திருவல்லிக்கேணியில் பன்னிரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு மாமியை விசாரித்தேன். "பணத்தைக் கட்டறேன், முத்திரை குத்தித் தரா. இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்ததுண்டா, கேளும்!" என்றார். நூறு அறை ஹோட்டலுக்கும் மாமிக்கும் ஒரே தொகை என்றால், மாமி லைசென்ஸே வேண்டாம் என்று பலகையைக் கழற்றிவிட்டு உறவினர் வீடு மாதிரி நடத்துவார். அப்புறம் தொட்டியைப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 2011-ம் வருஷத்து உணவு லைசென்ஸ் விதிகளில் சின்னக் கடைக்கு வருஷம் 100 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 7,500 என்று ஏணிப்படி வைத்தார்களே, அது எனக்குப் பிடித்த முறை.

2019 பிப்ரவரியில் டில்லி கரோல் பாகில் ஒரு ஹோட்டல் விடியுமுன் தீப்பற்றி 17 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் சான்று அங்கே இல்லாமலில்லை. கட்டணமும் முத்திரையும் மரப்பலகை பதித்த நடையில் புகை சூழ்ந்தபோது யாருக்கும் உதவவில்லை.

நம் பெண்கள் வேலைக்காகத் தங்கும் விடுதிகளுக்கும், 2014-ல் தமிழ்நாடு போட்ட சட்டப்படி, லைசென்ஸ் வேண்டும். அடுத்த மாதம் மகளைக் கொண்டுபோய் விடும்போது, மெத்தையை அமுக்கிப் பார்த்த கையோடு, அந்தக் காகிதத்தில் எந்தத் தேதி வரை என்று படியுங்கள். பின்புற மாடிப்படி எங்கே என்று கேளுங்கள். அதன் கதவில் பூட்டுத் தொங்கினால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுங்கள்.