வாடகை மண்ணுல என்ன நடலாம்?

கேரட் அறுவடை ஒரு வழியா முடிஞ்சது. மழை பிடிச்சிருக்கிறதால தேயிலைக்குள்ள இறங்க முடியல. உட்கார்ந்து எழுத ஒரு மதியம் கிடைச்சிருக்கு.

போன வாரம் அக்கா மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டான். டார்வின் நகரத்தில் வேலை கிடைச்சு, புதுசா ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கான். வீட்டுக்குப் பின்னால நாலு சென்ட் வெறும் இடமாம். "மாமா, இங்க பனி கிடையாது, குளிர் கிடையாது. வெயிலும் மழையும்தான். என்ன வெச்சாலும் வரும்ங்கறாங்க. ஒரு வேம்பு, ரெண்டு முருங்கை, கருவேப்பிலை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி வைக்கலாம்னு இருக்கேன். விதை பாத்து அனுப்புங்க" என்றான்.

ஆசை நியாயமானது. ஊரை விட்டுப் போனவனுக்கு ஒரு கொத்து கருவேப்பிலை என்ன அர்த்தம்னு எனக்குப் புரியும். ஆனா விதை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கான காரணம் அவனுக்கு மட்டும் இல்ல, வெளிநாட்டிலோ வெளியூரிலோ வாடகை வீட்டில் தோட்டம் போட நினைக்கிற எல்லாருக்கும் பொருந்தும். அதனால இங்கேயே எழுதிடறேன்.

என் கருத்து இதுதான். சொந்த ஊரில் செடி வைக்கும்போது "வளருமா?"ன்னு கேட்டா போதும். அடுத்தவங்க மண்ணில், அதுவும் வாடகைக்கு இருக்கிற வீட்டில் வைக்கும்போது "வெச்ச இடத்துல நிக்குமா?"ன்னு கேட்கணும். நம்ம வாடகை ஒப்பந்தம் 11 மாசத்துல முடிஞ்சிடும். செடிக்கு அப்படி ஒரு ஒப்பந்தமும் கிடையாது.

இதைச் சொல்ல நீலகிரிக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு. வந்து தங்கிப் போனவங்க போட்ட தோட்டங்களோட பலனை இரண்டு நூற்றாண்டா அனுபவிக்கிற மலை இது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். அடுத்த சில வருஷத்தில் ஊட்டியில் கல் பங்களா எழும்பியது. அவர் சொந்த நாட்டுக் குளிர் இங்கே இருந்தது, அவர் சாப்பிட்டுப் பழகிய காய்கறிதான் இல்லை. அதனால் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் வந்தன. 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலைக்காரர் வந்து, இன்னிக்கு நீங்க மலர்க் கண்காட்சி பார்க்கிற அரசு தாவரவியல் பூங்காவை அமைச்சார். அந்தப் பூங்காவோட ஆரம்பமே வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைவிக்கத் தொடங்கின ஒரு தோட்டம்தான். 1874இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா வந்தது.

இதுவரைக்கும் எனக்குப் புகார் இல்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் தேயிலையும் இல்லைன்னா எங்க வீட்டு அடுப்பு எரியாது. மேராக்காய், உங்க பாஷையில சௌசௌ, மெக்சிகோ பக்கத்துச் செடி. மரத்தக்காளி தென் அமெரிக்காவோடது. வெளிநாட்டுச் செடின்னாலே கெட்டதுன்னு பேசறவங்க ஒரு வேளை சாம்பார் வெச்சுப் பார்க்கட்டும். மிளகாயும் தக்காளியும் கூட கப்பல் ஏறி வந்ததுதான். ஆனா அதெல்லாம் மனுஷன் உரம் போட்டு, களை எடுத்து, வேலி கட்டினாதான் பிழைக்கும். விட்டுட்டுப் போனா செத்துப்போகும். நல்ல விருந்தாளி.

பிரச்சினை வேற வகைச் செடிகளால வந்தது. மஞ்சள் பூவுக்காக, ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் வேலியைத் தாண்டி மேல்மலைப் புல்வெளிக்குள் போயிடுச்சு. அழகுச் செடியா இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டுக்குள்ள ஆள் உயரத்துக்கு நிக்குது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம், நீங்க யூகலிப்டஸ்னு சொல்றது, இங்கே வந்தது. சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான். பழியை முழுசா வெள்ளைக்காரன் தலையில் கட்டவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம்ம வனத்துறையே தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்கு மரக்கூழுக்கும் புல்வெளிகளில் சீகையையும் கற்பூரத்தையும் நட்டுத் தள்ளியது.

செடியைக் கொண்டுவந்த அந்த அதிகாரிகளில் பெரும்பாலானவங்க ஒரு வகையில் வாடகைக்குக் குடியிருந்தவங்கதான். உத்தியோகம் முடிஞ்சதும் கப்பலேறிப் போயிட்டாங்க. சீகை போகல. அதோட விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். ஒரு மரத்தை வெட்டினா, வெயில் பட்டதும் அடியிலிருந்து நூறு கன்று கிளம்பும். தேயிலையை ஒட்டின சீகைப் புதரில்தான் எங்க பக்கம் காட்டுமாடும் கரடியும் படுத்திருக்கும். கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க நாலு பேரா சேர்ந்து, சத்தம் போட்டுக்கிட்டேதான் உள்ளே இறங்கறாங்க.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான் மழையைப் பிடிச்சு வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடும். குந்தா பக்கத்து ஓடைகள் பவானியில் சேர்ந்து, பில்லூர் அணைக்குப் போய், கோயம்புத்தூரில் குழாயைத் திறந்தா வருது. அந்தப் புல்வெளியில் நிறைய இடம் இப்ப சீகைக் காடு. இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்குன்னே தனிக் கொள்கை வெளியிட்டது. வெட்டுறாங்க, மறுபடி முளைக்குது, மறுபடி வெட்டுறாங்க. நடும்போது ஒரு கை விதைதான் ஆகியிருக்கும்.

"அது ஆயிரக்கணக்கான ஏக்கர் சங்கதி, நான் வைக்கிறது ஒரு வேப்பங்கன்னுதானே"ன்னு மருமகன் கேட்டான். அவன் இருக்கிற ஊர்க் கதையையே அவனுக்குச் சொன்னேன்.

நாம் மாரியம்மன்னு கும்பிடற வேம்பு, டார்வின் இருக்கிற நார்தர்ன் டெரிட்டரியில் அரசே அறிவிச்ச களை. நிழலுக்குன்னு நட்டதுதான். பறவைகள் பழத்தைத் தின்னு ஓடைக்கரை எல்லாம் விதைச்சிடுச்சு. நம்ம ஊர் கருவேலம் குயின்ஸ்லாந்தில் மாடு மேயும் புல்வெளிகளைப் பிடிச்சு, ஆஸ்திரேலியாவோட தேசிய அளவிலான மோசமான களைப் பட்டியலில் இருக்கு. அவங்க கற்பூர மரம் நம்ம தண்ணியைக் குடிக்குது, நம்ம கருவேலம் அவங்க புல்லைத் தின்னுது. எந்தச் செடியும் பிறந்த ஊரில் ஒழுங்கா இருக்கும். அங்கே அதைத் தின்னப் புழு இருக்கு, பூஞ்சை இருக்கு, ஆடு மாடு இருக்கு. அதெல்லாம் இல்லாத ஊருக்குப் போனா கேள்வி கேட்க ஆள் இல்லை.

அடுத்தது பொன்னாங்கண்ணி. 1990களில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கைக் குடும்பங்கள் பல, பொன்னாங்கண்ணின்னு நம்பி வீட்டுப் பின்புறத்தில் ஒரு கீரையை வளர்த்துட்டிருந்தாங்க. அதிகாரிகள் வந்து பார்த்தா அது அலிகேட்டர் வீட் என்ற தென் அமெரிக்கக் களை. பொன்னாங்கண்ணிக்குப் பங்காளி, பார்க்கவும் அப்படியே இருக்கும். ஆற்றில் விழுந்தா பாய் விரிச்ச மாதிரி தண்ணியை மூடிடும். நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்து அதை எடுக்க வேண்டி வந்தது. விக்டோரியா மாநிலத்து அரசு அங்கே நல்ல வேலை செஞ்சது. பிடுங்கிட்டுப் போறதோட நிறுத்தாம, அந்தக் குடும்பங்களோட பேசி, கீரைக்குப் பதிலா அந்த நாட்டிலேயே விளையற அதே இனத்துச் செடி ஒண்ணைக் கொடுத்தாங்க. கீரை ஆசையும் தீர்ந்தது, ஆறும் தப்பிச்சது.

கருவேப்பிலை விஷயம் அமெரிக்காவில் இருக்கிறவங்களுக்கு. ஆரஞ்சு, எலுமிச்சையை அழிக்கிற பசுமை நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி ஒண்ணு கருவேப்பிலையிலும் வாழும். ஃபுளோரிடாவில் அந்த நோய் 2005இல் தென்பட்ட பிறகு ஆரஞ்சுத் தோட்டக்காரங்க பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். அதனாலதான் அங்கே கருவேப்பிலைச் செடியைக் கண்டபடி எடுத்துட்டுப் போகக் கட்டுப்பாடு. பெட்டிக்குள்ள துணிக்கு நடுவே ஒரு கன்னைச் சுருட்டி எடுத்துட்டுப் போறவங்களுக்கு அது வெறும் சமையல் சாமான். அங்கே இருக்கிற விவசாயிக்கு அது அவன் தோப்பு. நானும் விவசாயி என்கிறதால அவன் பக்கம்தான் நிப்பேன்.

அப்போ வாடகை வீட்டில் தோட்டமே போடக்கூடாதா? அப்படி நான் சொல்லல.

1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பின குடும்பங்கள் நிறையப் பேர் நீலகிரிக்கு வந்தாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமே வந்தது. வீடு கழகத்தோடது, மண்ணும் கழகத்தோடது. ஓய்வு பெற்றா எங்கே போறதுங்கிற கேள்வி இன்னிக்கும் அந்த வீடுகளில் இருக்கு. ஆனாலும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் லைன் வீடுகளைத் தாண்டிப் போகும்போது பாருங்க. வாசலில் கிடைச்ச நாலடி இடத்தில் பீன்ஸ், கீரை, ஒரு மேராக்காய்ப் பந்தல், பழைய பெயின்ட் டப்பாவில் சாமந்தி. சொந்தமில்லாத மண்ணில் எப்படித் தோட்டம் போடறதுன்னு எந்தப் புத்தகத்தையும் விட அந்த வாசல்கள் நல்லாச் சொல்லும். இந்தப் பருவத்தில் நட்டு இந்தப் பருவத்திலேயே சாப்பிட்டு முடிக்கிற செடி, இல்லன்னா தூக்கிட்டுப் போற டப்பா.

மருமகனுக்கு நான் சொன்னதும் அதுதான். டார்வினில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, அப்புறம் காய்ச்சல். மழைக்காலத்தில் வெண்டை, காராமணி, தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளி போடு. காய்ச்சல் மாசங்களில் தண்ணி விட்டுத் தக்காளியும் கத்தரியும் போடு. கருவேப்பிலையைத் தொட்டியில் வை, பூ வரும்போதே கிள்ளிடு, பழம் விழ விடாதே. முருங்கை வேணும்னா வீட்டுக்காரரைக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு வை. வாழைக்கன்னு யார் கொடுத்தாலும் வாங்காதே. அங்கே 2013இல் வாழைப் புள்ளி நோய் வந்து வீட்டுப் பின்புற வாழைகளையும் சேர்த்து வெட்டி அழிச்சிருக்காங்க. விதையும் கன்றும் அந்த ஊர் நர்சரியிலேயே வாங்கு. இங்கிருந்து யாராவது விதைப் பொட்டலம் கொண்டுவந்தா விமான நிலையத்திலேயே அறிவிக்கச் சொல்லு. மறைச்சுக் கொண்டுபோய் மாட்டினா அபராதம். செடி வெட்டின கழிவை வேலிக்கு அந்தப் பக்கமோ ஓடையிலோ வீசாதே. பாதிக் களைகள் அப்படித்தான் கிளம்புது.

சமவெளியிலிருந்து இங்கே ஊட்டி, குன்னூரில் வீடெடுத்துத் தங்க வர்ற உங்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு உயரத்தில், டிசம்பரில் உறைபனி விழற ஊரில் தென்னையும் மாவும் வரலையேன்னு வருத்தப்படாதீங்க. அதுக்கு இதே மாவட்டத்தில் பர்லியாறு இருக்கு, அடிவாரத்தில் கல்லாறு இருக்கு. அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், ஜாதிக்காய் எல்லாம் காய்க்குது. சீசனில் மேட்டுப்பாளையம் ரோட்டோரக் கடையில் வாங்கிச் சாப்பிடுங்க. ஒவ்வொரு செடிக்கும் ஒரு உயரம் இருக்கு. அதைத் தேடிப் போறதுதான் மரியாதை.

தோட்டம் போடறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யுங்க. மண்ணைத் தோண்டாம, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்க. அங்கே ஓடையா, காடா, இன்னொருத்தர் தோப்பா, மாடு மேயுற புல்லான்னு பாருங்க. நீங்க வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்த பிறகும் உங்க செடிக்கு அக்கம்பக்கமா இருக்கப்போறது அதுதான்.