வாய்பேசா உயிர்க்கு வழங்கிய நிலம்

வேல்சு நாட்டின் மேற்குக் கரையிலே பார்மத் என்றொரு சிற்றூர் உண்டு. ஊருக்கு மேலே கடலை நோக்கி எழும் குன்றுச்சரிவொன்றை டினாஸ் ஒலெய் என்பர். ஒளிக்கோட்டை என்பது அப்பெயரின் பொருள். முட்புதரும் பாறையும் மண்டிய அச்சரிவு 4½ ஏக்கர் அளவினது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் 72 பரப்பு. அதன் உரிமையாளராகிய ஃபனி டால்பற் என்னும் அம்மையார் 1895 ஆம் ஆண்டிலே அதனை அவ்வாண்டே தோன்றிய நஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு மன்றத்துக்கு நன்கொடையாக வழங்கினார். அம்மன்றம் பெற்ற முதல் நிலம் அதுவே. புல்வழி இருக்கலாம், கல்லிருக்கை இருக்கலாம்; தார்ப்பாதையும் பாம்புருவில் வார்த்த இரும்பு ஆசனமும் அங்கே வரலாகாது என்பது அம்மையாரின் விருப்பம். காட்டினியல்பு தன் வழியே செல்லட்டும் என்று விட்டுவிடக்கூடிய ஒரு சபையையே அவர் தேடிக்கொண்டிருந்தார்.

இக்குன்றை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் முன்னர்ப் பயின்று, இப்பொழுது இங்கிலாந்தின் சறே மாகாணத்திலே குடியிருக்கும் மாணவரொருவர் அண்மையில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். வாடகை வீட்டிலே பிள்ளைகளுடன் நெருக்குண்டு வாழ்கிறார். ஊர்ப்புறத்தில் வீடுகள் கட்டுவதற்குத் திட்டமொன்று வந்திருக்கிறது. பறவைகளின் பெயரால் அதனை எதிர்த்துச் சிலர் கையொப்பம் திரட்டுகின்றனர். "பண்டிதர் ஐயா, நான் எந்தப் பக்கம் நிற்பது?" என்பது அவர் வினா. எளிதில் விடையிறுக்கத்தக்க வினா அன்று அது. இங்கிலாந்தில் நடுத்தர வீடொன்றின் விலை நடுத்தர ஊழியர் ஒருவரின் ஏறத்தாழ எட்டு ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். ஆதலின் வீடு கேட்போரைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியையும் நம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். போர்த்திய போர்வையை மறுநாள் யார் எடுத்தார், தேர் பின்னர் என்னாயிற்று என்று எந்த மாணவரும் எழுந்து கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அது. ஏற்பவர் மனிதராயின் தமக்கு ஈந்த பொருளைத் தாமே காப்பர், வழக்காடவும் செய்வர். பறவையும் விலங்கும் அது செய்யா. அவற்றுக்கென்று ஈந்த நிலம் உண்மையிலே அவற்றின் பெயரால் ஒரு சபையாரின் கையிலேதான் இருக்கிறது. கோயிற் சொத்தும் அத்தகையதே. தருமகர்த்தா நல்லவராயிருக்கும் வரையில் தருமம் நிற்கும். பின்னர் உறுதியில் எழுதிய எழுத்தே காவல்.

அவ்வெழுத்தின் வலிமையில் எல்லா நன்கொடையும் ஒருதன்மையன அல்ல. நஷனல் டிரஸ்ட் மன்றத்துக்கு 1907 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்று வகுத்தது. அதன்படி அம்மன்றம் தன் நிலத்தைக் கைமாற்றப்படாதது என்று பிரகடனஞ் செய்தல் கூடும். செய்தபின் அதனை விற்கவும் ஈடுவைக்கவும் அம்மன்றத்துக்கே உரிமை இல்லை. அரசாங்கம் அதனைக் கட்டாயமாகச் சுவீகரிக்க முனைந்தால், மன்றம் மறுக்குமிடத்து, பாராளுமன்றத்தின் தனி விசாரணையைக் கடந்தே செல்ல வேண்டும். அதுவும் அசைக்கொணாக் கோட்டை அன்று. பிளிமத் நகருக்கு அணித்தாகிய சோல்ட்ரம் பூங்காவிலே நெடுஞ்சாலைக்காக மன்றம் போராடித் தோற்றதும் உண்டு. ஆயினும் விலைக்கு வாங்க வருபவர் எவரிடமும் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லத்தக்க நிலை பெரும் பேறு அன்றோ!

ஏனைய வனவுயிர்த் தருமங்களுக்கு இப்பேறு இல்லை. பறவைகளைக் காக்கும் அரச சங்கத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் உளர். வனவுயிர் மன்றங்கள் 46 சேர்ந்து 2,300 க்கு மேற்பட்ட காப்பிடங்களைப் பேணுகின்றன. இவற்றுக்கு மரணசாதனத்தின் மூலம் வரும் பொருள் சிறிதன்று. ஆயின் நிபந்தனை எதுவுமின்றி ஒருவர் எழுதிவைத்த வயல் சட்டத்தின் கண்ணிலே வெறும் சொத்து. விற்கலாம், விற்பதாயின் நியாயமாகப் பெறக்கூடிய மிகச் சிறந்த விலைக்கே விற்க வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் தரும ஸ்தாபனச் சட்டம் பொறுப்பாளரைக் கட்டாயப்படுத்துகிறது. அதே நோக்கமுடைய பிறிதொரு தருமத்துக்குக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆயினும் பொது விதி அதுதான். தருமச்சொத்தை உறவினர்க்கு அற்ப விலைக்கு விற்கும் கள்ளத்தைத் தடுக்கப் பிறந்த விதி அது, நல்ல விதியே. ஆனால் வீடு கட்ட அனுமதி பெற்ற நிலத்தின் விலை பயிர்நிலத்தின் விலையினும் பல பத்து மடங்கு மிகுதி. ஆதலின் சிறந்த விலையென்பது பெரும்பாலும் வீடமைப்போன் தரும் விலையே. பொறுப்பாளரின் நேர்மையே அவரை அவ்வாயிலுக்கு இட்டுச் செல்கிறது. இதைப் பார்க்குந்தோறும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, துக்கமும் வருகிறது.

நிபந்தனை எழுதிவைத்தாலோ? அதுவும் முற்றான காவல் அன்று. காலம் மாறிற்று, கட்டுப்பாடு பயனற்றதாயிற்று என்று காட்டி நிலக் கட்டுப்பாடுகள் சிலவற்றை நீக்கவோ மாற்றவோ விண்ணப்பஞ் செய்ய 1925 ஆம் ஆண்டுச் சொத்துரிமைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு வழிவிடுகிறது. இது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய சங்கடம் என்று எண்ணற்க. நம் நாட்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் 1917 ஆம் ஆண்டில் ஆங்கில நெறியைப் பின்பற்றியே ஆக்கப்பட்டது. எங்கள் ஊரிலே வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வார்ப்பதற்கென்று ஒரு பெரியவர் தருமசாதனம் எழுதிய நிலத்தில் இன்று மூன்று வீடுகள் நிற்கின்றன. பந்தலின் கல் மட்டும் ஒரு வீட்டுப் படலைக்குப் படியாயிற்று.

விற்காமலே நோக்கம் பிழைத்த கதையும் உண்டு. அமெரிக்காவிலே நேச்சர் கொன்சேவன்சி என்னும் பெருந் தருமத்துக்கு 1995 ஆம் ஆண்டில் மொபில் எண்ணெய்க் கம்பனி ரெக்சஸ் மாநிலத்தில் 2,300 ஏக்கரளவு புல்நிலத்தை வழங்கிற்று. அற்வாற்றர் புல்வெளிக்கோழி என்னும் அருகிவரும் பறவையின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று அது. காக்க வந்த தருமமே பின்னர் அந்நிலத்தில் எரிவாயுக் கிணறு தோண்டியது. 2003 இல் வாஷிங்டன் போஸ்ட் இதழ் இதனை வெளியிட்டது. அத்தருமம் தன் நிலங்கள் சிலவற்றைக் கட்டுப்பாட்டு உறுதியுடன், குறைந்த விலைக்குத் தன் நிருவாகிகளுக்கும் ஆதரவாளர்க்கும் விற்றதும், அவர்கள் அங்கே வீடு கட்டியதும் அப்பொழுதுதான் உலகறிந்தன. நிருவாகிகளுக்கு விற்பதை அவ்வாண்டே நிறுத்தினர். கிணற்று வருவாய் பறவைக்கே செலவாகும் என்பது அவர்தம் வாதம். ஆயினும் பின்னர் அப்புல்வெளியிலே அக்கோழி இல்லாதொழிந்தது.

இனி என் மாணவர் வாழும் சறேக்கு வருவோம். தேம்ஸ் பள்ளத்தாக்கின் புதர்நிலங்கள் அம்மாகாணத்திலும் அடுத்த இரு மாகாணங்களிலும் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. பக்கி, காட்டு வானம்பாடி, டார்ற்ஃபோட் கதிர்க்குருவி ஆகிய மூன்று பறவைகளின் பொருட்டு 2005 இல் அவை தனிக் காப்பிடமாயின. பக்கியும் வானம்பாடியும் தரையிலே முட்டையிடுவன. கதிர்க்குருவி தாழ்ந்த புதரிலே கூடு கட்டுவது. நிலத்தை ஒருவரும் தொடாவிடினும், பக்கத்தில் ஆயிரம் வீடு எழுந்தால் ஆயிரம் குடும்பம் மாலையில் உலாவ வரும். நாய் முன்னே ஓடும். பூனை இரவில் தானே வரும். தாய்ப்பறவை வெருண்டு எழும்; முட்டை குளிரும் அல்லது காகம் கொண்டுபோகும். இதனை அளந்தறிந்த பின்னரே எல்லையிலிருந்து 400 மீற்றருக்குள் பொதுவாகப் புது வீடு கூடாது என விதித்தனர். அதற்கு அப்பால் 5 கிலோமீற்றர் வரை கட்டுவோர், மக்கள் உலாவுதற்கு வேறு பசும்புலம் அமைக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு 8 ஹெக்டேயர் என்பது அளவு. மனிதர் நடக்கவும் நாய் ஓடவும் மாற்றிடம் கொடுத்துவிட்டு, இது பறவையின் இடம் என்று சொல்லும் இவ்வேற்பாடு எனக்கு மிக நேர்மையானதாகத் தோன்றுகிறது. வீட்டையும் மறுக்கவில்லை, கூட்டையும் மறுக்கவில்லை. வேலி போட்டுக் காத்த சிறு நிலம் கட்டடக் கடலிலே தீவாகிவிடும் என்பதைப் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை.

கென்ற் மாகாணத்து லொட்ஜ் ஹில் வழக்கு இன்னொரு பாடம். பாதுகாப்பு அமைச்சின் அந்நிலத்திலே 5,000 வீடுகள் எழுப்பத் திட்டமிட்டனர். 2012 இல் எண்ணியபொழுது நைற்றிங்கேல் என்னும் இராப்பாடிப் பறவையின் ஆண்கள் எண்பதுக்கு மேல் அங்கே பாடக் கேட்டனர். மேற்காபிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் பறவை அது. 2013 இல் நிலம் விஞ்ஞானச் சிறப்புடைய இடமாயிற்று. 2014 இல் உள்ளூர்ச் சபை வீடுகளுக்கே அனுமதியளித்தது. பின்னர் அமைச்சர் விசாரணைக்கு எடுத்தார். விசாரணைக்கு முன்னரே, 2017 இல், விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. இடையிலே எழுந்த யோசனை யாதெனின், பறவைக்கு வேறிடத்தில் புதர் வளர்த்துக் கொடுப்போம் என்பது.

அந்த யோசனையே இன்று சட்டமாகி வளர்ந்திருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான புதுக் கட்டடத் திட்டங்கள் இயற்கை வளத்தைப் பத்து வீதம் மிகுவிக்க வேண்டும். தம் நிலத்தில் இயலாவிடின் பிறர் நிலத்தில் விலைக்கு வாங்கலாம். வாங்கியதை 30 ஆண்டு பேண வேண்டும். வனவுயிர்த் தருமங்கள் சிலவும் இவ்வாறு விற்பனை செய்கின்றன. டால்பற் அம்மையார் கேட்டது என்றென்றைக்கும். இது கேட்பது முப்பது ஆண்டு. 2025 டிசம்பரில் நிறைவேறிய திட்டமிடல், உட்கட்டமைப்புச் சட்டம் இன்னும் ஓரடி முன்செல்கிறது. கட்டுவோன் இயற்கை மீட்பு நிதிக்கு ஒரு கட்டணம் செலுத்தினால், திட்டம் வகுக்கப்பட்ட விடயங்களில் தனித்தனி இடத்தில் தனித்தனிக் கடமை நீங்கும். அரச நிறுவனம் அப்பணத்தைக் கொண்டு பரந்த நிலத்தில் காரியம் செய்யும். ஐந்தாண்டில் 15 இலட்சம் வீடு என்பது அரசாங்கத்தின் வாக்குறுதி. வௌவாலையும் நீர்ப்பல்லியையும் நினைத்துக் கட்டுவோர் கவலையுற வேண்டா என்று நிதியமைச்சர் அவ்வாண்டு ஜனவரியிலே பேசினார். மசோதாவின் அப்பகுதியை அடியோடு நீக்குக என்று பறவைச் சங்கமும் வனவுயிர் மன்றங்களும் குரலெழுப்பின. பிரபுக்கள் சபையில் சில திருத்தங்களே கிடைத்தன.

நிதி ஒருங்கு சேர்ந்தால் பெருங்காரியம் ஆகலாம் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் தரையிலே கூடு கட்டிய பக்கி, தன் கூட்டுக்குரிய பணம் வேறெங்கோ செலவாகியது என்பதைக் கண்டு இடம்பெயரப் போவதில்லை.

என் மாணவருக்கு விடை எழுதிவிட்டேன். கையொப்பம் இடுமுன்னர் அந்நிலம் யார் பெயரில் உள்ளது, நன்கொடையாயின் எந்த நிபந்தனையுடன் வந்தது, புதர்நிலத்திலிருந்து எத்தனை மீற்றர் தொலைவு, உலாவும் பசும்புலம் எங்கே அமையும் என்னும் நான்கையும் அறிந்துகொள்ளுமாறு சொன்னேன். அந்நாட்டிலே காணிப் பதிவேடு 1990 முதல் எவரும் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கத் திறந்திருக்கிறது. படி எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறார்; இன்னும் வந்து சேரவில்லை.