லிட்டருக்கு விலையா, கட்டிக்கு விலையா? பசு இனத் தேர்வில் இத்தாலி காட்டும் கணக்கு

இத்தாலியின் எமிலியா வட்டாரத்தில் 'ரெஜ்ஜானா' என்ற சிவப்பு மாடு உண்டு. பார்மிஜானோ சீஸ் ஒருகாலத்தில் அந்த மாட்டுப் பாலில்தான் தயாரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அதிகம் கறக்கும் கறுப்பு வெள்ளை ஃப்ரீஷியன் மாடுகள் கொட்டகைகளை நிரப்பின. 1980களின் தொடக்கத்தில் சிவப்பு மாடுகள் ஏறக்குறைய 500ஆகக் குறைந்துவிட்டன.

அந்த இனத்தைக் காப்பாற்றியது சீஸ்தான். அதன் பாலில் செய்த சீஸை 1990களில் தனிப்பெயரில் விற்கத் தொடங்கினர். வழக்கமான பார்மிஜானோ குறைந்தது 12 மாதம் பதப்படுத்தப்படும். இதற்கோ 24 மாதம். விலையும் கூடுதல். இன்று அம்மாடுகள் மீண்டும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

பாலின் அளவு குறைந்தாலும் லாபம் வருவது எப்படி? பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அதில் 'கப்பா கேசின்' என்ற வகையைத் தீர்மானிக்கும் மரபணுவில் ஏ, பி என இரண்டு முக்கிய வடிவங்கள் உள்ளன. பி வடிவம் உள்ள மாட்டின் பால், ரென்னெட் சேர்த்ததும் விரைவாக உறையும். கட்டியும் இறுக்கமாக இருக்கும். ரெஜ்ஜானா, ஜெர்சி இனங்களில் பி வடிவம் அதிகம். சில முடிகளைப் பரிசோதித்தாலே ஒரு மாட்டின் வகை தெரிந்துவிடும்.

ஆனால் பலன் உடனே கிடைக்காது. கன்று காளையிடமிருந்து பெறுவது ஒரு பிரதி மட்டுமே. ஏஏ பசுவுக்கு பிபி காளையின் விந்தைச் செலுத்தினால் பிறப்பது ஏபி கன்று. அது வளர்ந்து கறவைக்கு வர, சினை ஊசி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். பிபி கன்று கிடைக்க இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அதுவரை சினைப்பிடிப்பையும் மடிநோயையும் கவனிக்காமல் விட்டால் நட்டமே மிஞ்சும்.

மலேசியாவில் மாடு வளர்க்கும் நம்மவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? இங்குள்ள வெயிலைத் தாங்கவே ஃப்ரீஷியனையும் சாஹிவாலையும் கலந்து 'மாஃப்ரிவால்' உருவாக்கப்பட்டது. வெப்பம் தாங்காத மாட்டிடம் எந்த மரபணு இருந்தும் பயனில்லை. மேலும், தயிர் புளிப்பால் உறைகிறது. பன்னீர் எலுமிச்சைச் சாற்றால் திரிகிறது. இவற்றுக்கு ரென்னெட் தேவையில்லை. ஆகவே கப்பா கேசினைவிட, பாலில் மொத்தம் எவ்வளவு புரதமும் கொழுப்பும் இருக்கிறது என்பதே முக்கியம்.

எனவே விலையுயர்ந்த விந்து ஊசியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாலை வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? சீஸ் தொழில் செழித்த அமெரிக்காவின் விஸ்கான்சினில் கொழுப்பு, புரத எடையைப் பார்த்து விலை தருகிறார்கள். லிட்டரை மட்டும் அளந்து காசு கொடுக்கும் இடத்தில், கெட்டிப் பால் தரும் மாட்டுக்காரருக்கு அதனால் ஒரு சென்கூட கூடுதலாகக் கிடைக்காது. முதலில் மாற வேண்டியது மாடல்ல, விலைமுறை.