மூக்குக்கு நேரே வந்த கோடாரி!

ஆழ்வார்திருநகரியிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம்தான் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே இப்போது நிற்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய மண்கோட்டையை 1801-ல் பிரிட்டிஷார் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களோடு இதே பிரிட்டிஷார் மோதிய டைகாண்டரோகா கோட்டைப் போரை ஹாலிவுட் 1953-லேயே 3டி-யில் காட்டிவிட்டது. வில்லியம் கேஸில் இயக்கிய 'ஃபோர்ட் டி' அது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். கண்ணாடி மாட்டினால் அம்பும் கோடாரியும் மூக்குக்கு நேரே வரும். கதை சுமார்தான்!

நம்ம சிவாஜியின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் டெக்னிகலரில் மிரட்டியது. ஆனால், தமிழின் முதல் 3டி படத்துக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விஜயகாந்தின் 'அன்னை பூமி' அது.

1799 செப்டம்பர். பீரங்கியோடு வந்த பானர்மேனின் முதல் தாக்குதல் அந்த மண்சுவரிடம் தோற்றுத் திரும்பியது. அதை 3டி-யில் எடுத்தால், கண்ணாடி மாட்ட தூத்துக்குடி மாவட்டமே ரெடி!